லைன் என்ற சொல்லுக்குச் சில வாக்கியங்கள்

ஜனவரி 9

அன்புள்ள குரங்குக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. ஹாஸ்டலில் போர்வை கனமாக இருக்கிறதா, தலைக்குக் குளித்தால் சரியாகத் துவட்டுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். இரண்டுக்கும் ஆமாம் என்று எழுதிவிடு, அவளுக்குத் தூக்கம் வரும்.

சின்ன வயதிலிருந்து என்னை அகராதி பிடித்தவள் என்று திட்டினாயே, பலித்துவிட்டது. இத்தனை நாள் மற்றவர்கள் எழுதியதற்குப் பிழை திருத்திக்கொண்டிருந்த எனக்கு, முதல்முறையாக ஒரு சொல்லைச் சொந்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஜனங்களின் வாயில் புகுந்து தமிழாகிவிட்ட ஆங்கிலச் சொற்களுக்குத்தான் எங்கள் அகராதி. எனக்கு வந்த சொல் ‘லைன்’. கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. லைன்மேன் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் தங்கை வேறு யாருக்கு இருக்கிறாள்?

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. எந்த அர்த்தத்தையும் நாமாக யோசித்து எழுதக் கூடாது. யாராவது நிஜமாகப் பேசிய வாக்கியம் சாட்சியாக வேண்டும். கேட்டவர் தன் கையாலேயே துண்டுச் சீட்டில் எழுதி, சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்று போட வேண்டும். தேதி இல்லாத சீட்டை எங்கள் பதிப்பாசிரியர் குப்பையில் போட்டுவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேச்சு அதோடு முடிந்தது.

அதனால் போனில் சொன்னால் செல்லாது. போனை எடுத்தாலும் அம்மா பிடுங்கிக்கொள்வாள். சீட்டுகளைத் தனியாக மடித்து வை. உன் கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பவள், கடிதம் என்றால் மட்டும் ஒருத்தர் வாசித்தால்தான் கேட்பேன் என்கிறாள்.

சொல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்துவிட்டேன். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு லத்தீன்காரர்கள் வைத்த பெயர் அது. நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும் அல்லவா, அதிலிருந்து கோடு, கோட்டிலிருந்து வரிசை. ஒரு நூல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பதில் போடு.

உன் அக்கா

---

ஜனவரி 22

அகராதி அக்காவுக்கு,

வணக்கம். போர்வை கனம், தலையும் காய்ந்துவிட்டது. அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும்.

இங்கே பயிற்சி மைதானத்தில் கம்பம் கம்பமாக நட்டு வைத்திருக்கிறார்கள். எதிலும் கரண்ட் கிடையாது. காலில் இரும்புக் கொக்கி மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் பெல்ட்டின் வாரைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கீழே படுக்கை மாதிரி மணல். பெண்கள் ஐந்து பேர் சேர்ந்தோம், இப்போது நானும் இன்னொருத்தியும்தான். எங்கள் ஃபோர்மனுக்கு இடி என்று பெயர். சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே பக்கத்துத் தெருவில் ஆள் எழுந்துகொள்வார்.

ஏறும் பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மாவின் நிபந்தனை உனக்குத் தெரியும். தேறாவிட்டால் வீட்டுக்கு வந்து அவள் தையல் கடையில் அந்த இரண்டாவது மிஷினில் உட்கார வேண்டும். ஒரு வருஷமாக அதற்கு எண்ணெய் போட்டு உறை மாட்டி வைத்திருக்கிறாள். அந்த உறை கனவில்கூட வருகிறது. இந்த வரியை மட்டும் வாசிக்காதே.

சீட்டுகளை மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கை

*‘லைன்ல கரண்ட் இருக்கான்னு தொட்டுப் பார்க்கிறவன் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டான்.’ — ஃபோர்மன், ஜன. 15*

*‘லைன் கிளியர்னு நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் ஏறக் கூடாது.’ (கரண்டை நிறுத்தியாச்சு, தொடலாம் என்று அர்த்தம்.) — ஃபோர்மன், ஜன. 16*

*‘அவன் உனக்கு லைன் போடுறான்டி, தெரியலையா?’ — அறைத்தோழி, ஜன. 19. (எனக்கு இல்லை. சமையல்காரருடைய தம்பி அவளுக்குத்தான் போடுகிறான்.)*

---

பிப்ரவரி 6

அன்புள்ள குரங்கே,

நலம். அம்மாவும் நலம், முழங்கால் பழையபடி. கடிதத்தை வாசித்தேன். மிஷினைத் தாண்டிக் குதித்துவிட்டேன். ‘அவ்வளவுதானா, காகிதம் பெரிசா இருக்கே’ என்றாள். கொஞ்சம் திக்கென்றது.

உன் சீட்டுகளால் ஆபீஸ் இரண்டுபட்டது. ‘லைன் போடுறான்’ என்பதை அகராதியில் சேர்க்கக் கூடாது என்று முற்றுப்புள்ளி. அவர் மறுத்ததால் ஊரில் ஒருத்தனாவது போடாமல் இருப்பானா என்று கேட்டுவிட்டேன். கணக்குப் பிரிவில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார், தட்டச்சுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். முற்றுப்புள்ளி இருவரையும் பார்த்தார். சீட்டில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சாட்சி எதிரிலேயே உட்கார்ந்திருந்தால் அவர்தான் என்ன செய்வார்.

இன்னும் ஒன்று பாக்கி. ‘அவர் எந்த லைன்ல இருக்கார்?’ என்று தொழிலைக் கேட்போமே, அந்த அர்த்தம். ஆபீஸ்காரர்கள் சொன்ன வாக்கியம் எல்லாம் ஜீவன் இல்லாமல் இருக்கிறது. கையால் வேலை செய்பவர் வாயிலிருந்து வந்தால் கொண்டு வா என்கிறார் முற்றுப்புள்ளி.

முதல் பரீட்சை இந்த மாதம்தானே? முடிந்ததும் எழுது.

அக்கா

---

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆசை. இங்கே வெயில் பரவாயில்லை. சாப்பாட்டில் உப்பு மட்டும் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. அறைத்தோழி குறட்டை விடுகிறாள். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை

*‘மேல போன பொண்ணு லைனைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்குது. ஏணி கொண்டாந்து இறக்குங்கப்பா.’ — ஃபோர்மன், பிப். 18*

---

மார்ச் 2

என் கண்ணே,

நாங்கள் நலம். ஒத்தடம் தினமும் நடக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். நீ எழுதாததையும் சேர்த்து வாசித்தேன். நீ அழகாக ஏறுவதாகவும், ஃபோர்மன் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி மற்றவர்களைத் திட்டுவதாகவும் வாசித்தேன். அம்மா பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். ‘நல்லா எழுதறா’ என்று மட்டும் சொன்னாள்.

சீட்டை அவளுக்குக் காட்டவில்லை. என் மேஜையில் மற்ற சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டேன். நானும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். ஆறு வயதில் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்றாயே, அன்றைக்கும் ஏணி வைத்துத்தான் இறக்கினார்கள். மறுநாள் சாயங்காலமே திரும்ப ஏறினாய். உன்னை இறக்குவதற்குத்தான் ஊரில் ஏணியே வாங்கினார்கள்.

இரண்டு வாய்ப்பு இருக்கிறது.

அக்கா

---

ஏப்ரல் 3

அக்காவுக்கு

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். பேனா சரியில்லை, எழுத்து கோணலாகப் போகிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

*‘மருந்து வாங்கற லைன் அந்தப் பக்கம்மா, இது எக்ஸ்ரே லைன்.’ — வாசல் காவலாளி, மார்ச் 26*

*‘இடுப்பெல்லாம் லைன் லைனா கன்னிப்போயிருக்கே, பெல்ட் தடமா இது?’ — நர்ஸ், மார்ச் 26*

---

ஏப்ரல் 8

அடியே,

மருந்து வாங்கும் லைனில் உனக்கென்ன வேலை? எக்ஸ்ரே யாருக்கு? பேனா கோணலாகப் போகவில்லை. அது இடது கை எழுத்து. ஒண்ணாம் வகுப்பில் உனக்குப் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், என்னிடமே கதை விடாதே.

நான்கு வரிக் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு பக்கமாக வாசித்தேன். வாசிக்கும்போது இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம் என்றேன். நீ உண்மையை எழுதாவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் அங்கே வந்து நிற்பேன்.

அக்கா

---

ஏப்ரல் 15

அக்கா,

வராதே. எலும்பு முறியவில்லை. வலது மணிக்கட்டு பிசகியது, கட்டுப் போட்டார்கள், நேற்று அவிழ்த்துவிட்டார்கள். இது வலது கை எழுத்துதான், பார்த்துக்கொள்.

இரண்டாவது வாய்ப்பில் ஏறிவிட்டேன். சத்தியமாக நன்றாகவே ஏறினேன். மேலே வேலையை முடித்து இறங்கும் வழியில் பாதி உயரத்தில் ஒரு முடிச்சைச் சரிபார்க்க நின்றேன். அப்போது பக்கத்துக் கம்பத்தில் ஏறியவனைப் பார்த்து இடி கத்தினார். ‘லைனை நம்பாதடா, உன் முடிச்சை நம்பு’ என்றார். எவ்வளவு நல்ல வாக்கியம். முற்றுப்புள்ளியே எழுந்து நின்று வாங்குவார். மறந்துவிடக் கூடாது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே, வாரை மாட்டாமல் பின்னால் சாய்ந்துவிட்டேன்.

மணலில் விழுந்தேன். இடி ஓடி வந்து, ‘மேல என்னத்த முணுமுணுத்த, மந்திரமா?’ என்று கேட்டார். வலியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அகராதிக்கு வாக்கியம் என்றேன். அவர் வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் மைதானமே பார்த்தது.

இந்தத் தொழிலில் கம்பத்திலிருந்து விழுந்தவர்கள் பலர். அகராதிக்காக விழுந்தவள் நான் ஒருத்திதான். சிரி. நான் சிரித்துவிட்டேன், இரண்டு நாள் கழித்து.

கடைசி வாய்ப்பு மே 6. இந்தத் தடவை மைதானம் இல்லை, நிஜத் தெரு, நிஜக் கம்பம். பயமாகத்தான் இருக்கிறது. பெல்ட் இடுப்பை அறுக்கிறது, கவனம் அங்கே போய்விடுகிறது. அது ஆண்கள் இடுப்புக்குச் செய்தது. அம்மாவிடம் மூச்சு விடாதே.

தங்கை

---

ஏப்ரல் 20

என் தங்கமே,

இனி ஒரு வாக்கியமும் வேண்டாம்.

நான் கேட்டதால்தான் நீ விழுந்தாய். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. முற்றுப்புள்ளியிடம் போய், இந்தச் சொல் எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். சீட்டுக் கட்டை என் பக்கமே திருப்பித் தள்ளினார். பிறகு, ‘மே ஆறு முடியட்டும்மா. அதுவரைக்கும் நான் ஒண்ணும் காதுல வாங்கல’ என்றார். அந்த மனிதர் கமா போட்டுப் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவே இல்லை. இந்த வாரம் தபால் வரவில்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். நாள் பூராவும் மிஷின் ஓடுகிறது. என்ன தைக்கிறாய் என்றால் ‘ஒரு அவசர ஆர்டர்’ என்கிறாள்.

நீ தேறினாலும் தேறாவிட்டாலும் முழுசாக வந்து சேர். எனக்கு அது போதும்.

அக்கா

---

மே 7

அக்கா, அக்கா, அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நான் நலம். நான் தேறிவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு நீளத் துணிப் பட்டை. வெளியே கெட்டித் துணி, நடுவில் பஞ்சு, உள்பக்கம் வழவழவென்று லைனிங். இடுப்பு பெல்ட்டுக்குள் வைத்து நான்கு இடத்தில் கட்டிக்கொள்ள நாடா. இடி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், இழுத்துப் பார்த்தார். ‘கொக்கியையும் மறைக்கல, வாரையும் மறைக்கல. தைச்சவங்களுக்கு பெல்ட்டைப் பத்தி யாரு சொன்னது?’ என்றார். நானும் அதையேதான் உன்னைக் கேட்கிறேன். சொல்லாதே என்றேனே, சொல்லிவிட்டாயா?

காலையில் தெருவே கூடிவிட்டது. பால்கனிகளில், கடை வாசல்களில், எங்கும் தலை. இடி கரண்டை நிறுத்தச் சொல்லி, சோதித்துப் பார்த்துவிட்டு, ‘லைன் கிளியர்’ என்றார். அதோடு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான் ஏறிய நேரம் முழுவதும் ஒரு சொல் பேசவில்லை. மற்றவர்களையும் பேச விடவில்லை. ஹாரன் அடித்த ஒரு வேன்காரரைக் கையைக் காட்டியே நிறுத்திவிட்டார்.

போன தடவை விழுந்த உயரம் வந்தது. நின்றேன். வாரை மாட்டினேன். மாட்டியதைக் கையால் இழுத்துப் பார்த்தேன், பிறகு சாய்ந்தேன். இடுப்பில் ஒன்றும் அறுக்கவில்லை, அக்கா. யாரோ பின்னால் நின்று இரண்டு கையாலும் தாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுபடி அவிழ்த்து உச்சிக்குப் போனேன், மாட்டினேன், சாய்ந்தேன், கம்பியைக் கட்டினேன். கீழே பார்த்தேன். அத்தனை பெரிய தெரு ஒரு கோடு மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. இறங்கவே மனசு வரவில்லை.

கால் தரையில் பட்ட பிறகுதான் இடி வாயைத் திறந்தார். ‘மேல இருக்கும்போது நான் பேசினா நீ மனப்பாடம் பண்ணுவ. இப்ப பேனாவை எடு, எழுதிக்க’ என்றார். எனக்குக் கண் மறைத்தது. இருந்தாலும் எழுதினேன். சீட்டு இருக்கிறது. உனக்குப் பாக்கி இருந்த அர்த்தம்தான்.

சொல்லைத் திருப்பிக் கொடுத்தால் நான் உன்னோடு பேச மாட்டேன். அது பாதி என்னுடையது. நான் அதற்காக விழுந்திருக்கிறேன்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தை ஒரு எழுத்துக்கூட விடாமல் வாசி.

உன் தங்கை, லைன்மேன்

*‘இந்த லைன்ல முப்பது வருஷமா இருக்கேன். வாங்கின அடியை இப்படித் திருப்பிக் கொடுத்த ஆளை இப்பதான் பார்க்கிறேன்.’ — ஃபோர்மன், மே 6, காலை, கம்பத்தடி*

---

மே 14

என் லைன்மேனுக்கு,

ஆயிரம் முத்தம். அம்மா, நான், அவள் முழங்கால் எல்லோரும் நலத்திலும் நலம்.

ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். தேறிவிட்டேன் என்ற இடத்தில் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். அம்மா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடிகூட இல்லாமல் மிச்சத்தை அவளே கடகடவென்று வாசித்து முடித்தாள்.

நான் சொல்லவில்லையடி. அவளுக்கு எல்லாம் தெரியும். ‘நாலு வரிக் கடுதாசியை நீ ரெண்டு பக்கம் வாசிக்கிற, நான் நம்பணுமா? மேஜையைத் துடைக்கிறது யாரு, நீயா?’ என்று கேட்டாள். ஒவ்வொரு சீட்டையும் வந்த நாளிலேயே படித்திருக்கிறாள். ஏணி, எக்ஸ்ரே, இடுப்பில் கன்னிய தடம், எல்லாம். உன்னிடம் கேட்டால் நீ பயந்துவிடுவாய், என்னிடம் கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். பட்டைக்கு அளவு எப்படி எடுத்தாய் என்றேன். ‘நான் பெத்த பொண்ணு இடுப்பு எனக்குத் தெரியாதா’ என்றாள். பெல்ட்டுக்கு? நம் தெரு மூலைக் கம்பத்தில் ஏறிய லைன்மேனை இறங்க வைத்து, அவர் இடுப்பில் டேப் வைத்து அளந்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் உடுப்புக்கு உள்பக்கம் ஆளி நூல் துணி வைத்துத் தைத்தார்களாம். ‘லைனிங்’ என்ற பெயரே அதில் வந்ததுதான். இதை அம்மாவிடம் சொன்னேன். ‘சரி, அதையும் எழுதிக்கோ’ என்றாள். எழுதிக்கொண்டேன்.

முற்றுப்புள்ளி உன் ஃபோர்மன் சீட்டை நின்றுகொண்டே வாசித்தார். சொல் முழுவதும் ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகிறது. அடுத்த சொல்லையும் எனக்கே கொடுத்துவிட்டார். என்ன சொல் என்று சொல்ல மாட்டேன், நீ மறுபடி எதிலாவது ஏறுவாய்.

இன்று காலை இரண்டாவது மிஷின் இருந்த இடத்தைப் பார்த்தேன். வெறும் தரை. வெகுநாளாக அங்கே துணி மூட்டையைக் குவித்து வைத்திருந்தாள், எனக்குத் தெரியவே இல்லை. கேட்டதற்கு, என் மேஜையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து அவளே எழுதி நீட்டினாள். விதிப்படி சொன்னவர் பெயரும் தேதியும் போட்டிருக்கிறாள். இந்த ஒரு சீட்டை மட்டும் ஆபீசுக்குக் கொடுக்கவில்லை. உனக்கே அனுப்புகிறேன், தேதியைப் பார்.

அக்கா

*‘மிஷின் நல்லாத்தான் ஓடுது. விக்கிறதுக்குக் காரணம், இதுல உட்கார வேண்டிய என் சின்னவ லைன்மேன் ஆயிட்டா.’ — மிஷினை வாங்கிப் போனவரிடம் நான் சொன்னது. அம்மா, மார்ச் 27*